இரண்டு வார்த்தை போதும்

இங்கிலீஷ் தெரியாதவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது என்று 1992ல் பம்பாயில் யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. குளிர், வாசலில் கழற்றிவிட வேண்டிய செருப்பு, தொட்டால் ஏதாவது கெட்டுவிடுமோ என்கிற பயம். இத்தனையையும் தாண்டிப் போய் உட்கார்ந்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அத்தனையும் இங்கிலீஷ். ஏழாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்த தாராவிப் பையன் ஒருவனுக்கு அது இன்னொரு சுவர்.

அந்தச் சுவரில் அவனுக்குக் கதவு திறந்துவிட்டது ஒரு விளையாட்டு. பெயர் ‘அட்வெஞ்சர்’. படம் கிடையாது. வண்ணம் கிடையாது. சத்தம் கிடையாது. வெறும் எழுத்துதான். காட்டுக்கு நடுவில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம், அதிலிருந்து வழிந்து ஓடும் ஓடை என்று கம்ப்யூட்டர் நாலு வரி எழுதிக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆடுகிறவர் டைப் அடிக்க வேண்டும். கிழக்கே போ. சாவியை எடு. கதவைத் திற. சொன்னதைச் செய்து, என்ன ஆயிற்று என்று மறுபடி எழுதிக் காட்டும். பூமிக்கு அடியில் ஒரு பெரிய குகை, அதற்குள் புதையல்கள். எடுத்து வந்து செங்கல் கட்டடத்தில் சேர்த்தால் மதிப்பெண். முழு மதிப்பெண் 350.

பையனுக்கு அப்போது 14 வயது. இன்று ஐம்பதை நெருங்குகிறார். செம்பூரில் குடியிருந்துகொண்டு நவி மும்பையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார். “தாராவியில் எட்டாம் வகுப்பில் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாறிய எந்தப் பையனின் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பாதிக் கதை பொருந்தும்.”

பொருந்தத்தான் செய்கிறது. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவருடைய தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார். அதை வாங்கிக்கொண்டு சைக்கிளில் நகரம் முழுக்கப் போய் விற்கிறவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார்கள். பம்பாய்க்காரர்கள் பலர் காலையில் சாப்பிடும் இட்லி தாராவித் தமிழச்சிகள் அவித்தது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பம்பாய் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. இது பெருமைப்பட வேண்டிய சங்கதிதான். அந்த நாளில் சிக்கல் ஏழாம் வகுப்பு முடிந்ததும் ஆரம்பித்தது. தமிழ் அதோடு சரி. மேலே படிக்க வேண்டும் என்றால் இங்கிலீஷ் வழிப் பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது. ‘ஒளிச்சேர்க்கை’ என்று நேற்றுவரை படித்ததை இன்று வாயில் நுழையாத பெயரில் படிக்க வேண்டியிருந்தது.

எட்டாம் வகுப்பில் முதல் வாரமே ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொல்ல முயன்றான் பையன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். டீச்சர் எதைக் கேட்டாலும் ‘யெஸ்’. புரிந்ததா? யெஸ். எழுதியாயிற்றா? யெஸ். சந்தேகம் இருக்கிறதா? அதற்கும் யெஸ். என்ன சந்தேகம் என்று கேட்டால்தான் ஆபத்து. 50 பேர் வகுப்பில் யாருக்கும் அவ்வளவு நேரம் கிடையாது. ஒன்றரை வருடம் இந்த ஒரு வார்த்தையில் ஓடியது. பரீட்சைத் தாள்களில் மட்டும் ஓடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் தேறாவிட்டால் பட்டறைக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது சாதாரணமான விஷயம். அவரும் அந்த வயதில்தான் வந்தார்.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே மத்திய ரயில்வேயின் தண்டவாளம் ஓடுகிறது. பாலம் ஏறி இறங்கினால் வேறு உலகம். இரண்டு பக்கமும் தமிழ்தான். ஆனால் மாட்டுங்காவின் தமிழர்கள் பேனாவும் டைப்ரைட்டரும் கொண்டு பிழைக்க வந்தவர்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறிய அந்தத் தலைமுறைதான் கோட்டைப் பகுதி அலுவலகங்களின் கடிதங்களை எல்லாம் அடித்துத் தள்ளியது. 1966ல் சிவசேனை பிறந்தபோது அதன் முதல் கோபம் இந்த குமாஸ்தாக்கள் மீதுதான் பாய்ந்தது. அதற்குப் பிறகும் மாட்டுங்காவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் மூடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றாக ஒரு மூலையைத் தடுத்து, ஏ.சி. போட்டு, ‘கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று பலகை மாட்டத் தொடங்கின.

அப்படி ஒரு இன்ஸ்டிடியூட்டில்தான் பையனுக்கு மாலை வேலை. தரை கூட்டுவது, டைப்ரைட்டர்களைத் துடைத்து உறை போடுவது, தண்ணீர் பிடித்து வைப்பது. எல்லோரும் போன பிறகு ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் அடித்துப் பழகியிருந்தான். விரல்களுக்கு இங்கிலீஷ் தெரிந்துவிட்டது. வாய்க்குத்தான் தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. கம்ப்யூட்டர் என்றால் அவனுக்குத் தெரிந்தது ஜீனோதான். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வருமே, பேசுகிற ரோபோ நாய், அது. சலூனில் கிடந்த பழைய இதழ்களில் படித்தது.

கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர் செம்பூரில் இருந்து பஸ்ஸில் வருவார். பகலில் எங்கோ பெரிய அலுவலகத்தில் வேலை, மாலையில் இங்கே. மாணவர்கள் பெரும்பாலும் மாட்டுங்கா வீட்டுப் பிள்ளைகள். கான்வென்ட் இங்கிலீஷ். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கடைசி ஒரு மணி நேரம் அவர்களை விளையாட விடுவார். வேலை பார்க்கிற இடத்தில் யாரிடமோ பிரதி எடுத்த ஃப்ளாப்பி ஒன்று அவரிடம் இருந்தது. ஐந்தேகால் அங்குலம், காகித உறை, மேலே பென்சிலில் எழுதிய பெயர்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மழை. மாணவர்கள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. தண்ணீர்க் கூஜாவோடு வந்த பையனைப் பார்த்து செம்பூர் சார் கேட்டார்: “டைப் அடிக்கத் தெரியுமோடா உனக்கு?”

“கொஞ்சம் தெரியும் சார்.”

“கையைத் துடைச்சுண்டு உக்காரு.”

விளையாட்டு தொடங்கும்போதே ஒரு கேள்வி கேட்கும். விளக்கக் குறிப்பு வேண்டுமா, வேண்டாமா? பக்கத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் படித்துப் பார்த்து, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ‘நோ’ அடித்தார்கள். பையனுக்குக் கேள்வி முழுதாகப் புரியவில்லை. இங்கிலீஷில் கேள்வி என்றால் அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ‘யெஸ்’ அடித்தான்.

திரையில் நீளமாக ஏதோ வந்தது. பிறகு அந்தக் கட்டடம், அந்த ஓடை. பையன் யோசித்தான். இலக்கணம் தவறக் கூடாது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். ‘நான் அந்த வீட்டுக்குள் போக விரும்புகிறேன் ஐயா’ என்பதை மெதுவாக இங்கிலீஷில் கட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அடித்தான். கம்ப்யூட்டர் தனக்குப் புரியவில்லை என்றது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுவும் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான்.

செம்பூர் சார் பின்னால் வந்து நின்றார். “இவ்வளவு எழுதினா அதுக்குப் புரியாதுடா. அதுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ரெண்டு வார்த்தை போதும். என்ன செய்யணுமோ அது ஒண்ணு, எதைச் செய்யணுமோ அது ஒண்ணு.”

அதுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. இந்த வாக்கியத்தைப் பையன் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷிலேயே பிறந்த இயந்திரத்துக்கு இங்கிலீஷ் வராது!

இரண்டு வார்த்தையில் பேசுவது தாராவிப் பையனுக்குப் புதிதல்ல. பம்பாய்க்கு வந்த தமிழர்கள் ஹிந்தி கற்றுக்கொண்டது அப்படித்தான். பானி லாவ். பாஜூ ஹட். தோ சாய். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதுவும் வேண்டாம். ஒரு வினை, ஒரு பெயர். இதை வைத்துக்கொண்டு வீடு பிடித்தார்கள், ரேஷன் கார்டு வாங்கினார்கள், போலீஸிடம் நியாயம் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ‘உடைந்த இங்கிலீஷ்’ என்று எதைச் சொன்னார்களோ, அதைத்தான் இந்த விளையாட்டு கேட்டது. விளக்கு எடு. கூண்டு எடு. கீழே போ. இன்னொரு சலுகையும் உண்டு. வார்த்தையின் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் அது பார்க்கும். பின்பாதியில் எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாது. எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தே பழகிய ஊரில் இப்படி ஒரு வாத்தியார்.

இந்தச் சலுகைகள் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. அந்த நாளைய கம்ப்யூட்டரின் வரம்புகள். ஆனால் விளையாட்டை எழுதியவர் மனத்தில் பயந்த சுபாவமுள்ள ஓர் ஆட்டக்காரர் இருந்தது உண்மை. வில் கிரௌதர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் புரோகிராமர். இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்கு சாஃப்ட்வேர் எழுதிய குழுவில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்தின் பிரம்மாண்டமான மாமத் குகைப் பகுதியில் இறங்கி, அளவெடுத்து வரைபடம் போடுவார். மனைவி பட்ரீஷியாவும் அதே பித்து. இரண்டு பெரிய குகைத் தொகுதிகள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்பதை 1972 செப்டம்பரில் கண்டுபிடித்த குழுவில் பட்ரீஷியா இருந்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளை எப்போதாவதுதான் பார்க்க முடியும் என்றாகிவிட்ட கிரௌதர், அவர்கள் வந்தால் விளையாட ஒன்று வேண்டும் என்று 1975-76ல் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியதுதான் இது. தான் நடந்த குகையையே உள்ளே வைத்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் மிரளக் கூடாது என்பதற்காகச் சாதாரணப் பேச்சு வார்த்தைகளில் கட்டளை கொடுக்கும்படி செய்தார்.

ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் உட்ஸ் இதைப் பார்த்துவிட்டு, எழுதியவரைத் தேடினார். அர்ப்பாநெட்டில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ‘கிரௌதர்’ என்ற பெயருக்குக் கடிதம் அனுப்பிக் கண்டுபிடித்தார். அனுமதி வாங்கி, புதையல்களையும் புதிர்களையும் கூட்டி, 1977ல் வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவியது அந்த வடிவம்தான். 1981ல் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஓடக்கூடிய ஒரே மாதிரியான ஒரு பதிப்பை மைக்ரோசாஃப்ட் தயாராக வைத்திருந்தது.

கிரௌதர் இதை எழுதிய பி.டி.பி.-10 இனத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் எழுபதுகளிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. நகரத்தின் தென்கோடியில், கொலாபாவில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் இருந்தது. 1960ல் இயங்கத் தொடங்கிய இந்தியாவின் ‘டிஃப்ராக்’ கம்ப்யூட்டர் உருவானதும் அதே நிறுவனத்தில்தான். அந்தக் குழுவின் தலைவர் தமிழரான ஆர். நரசிம்மன். கொலாபாவிலிருந்து தாராவிக்கு லோக்கல் ரயிலில் வந்துவிடலாம். கம்ப்யூட்டர் வந்து சேர 30 வருடம் பிடித்தது.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. பையன் லிஃப்கோ டிக்‌ஷனரியைப் பையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினான். குகைக்கு வாசல் தரையில் பதித்த இரும்புக் கம்பித் தட்டி. அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் எழுதினால் ‘கிரேட்’. ‘மகத்தான’ என்பதற்கும் ‘கிரேட்’. பூட்டிய மகத்தான ஏதோ ஒன்றைத் திறக்கச் சொல்கிறது என்று ஒரு வாரம் குழம்பினான். டிக்‌ஷனரி தீர்த்துவைத்தது. ஓடை, கூழாங்கல், பிளவு, பள்ளத்தாக்கு, கருவிழந்த வெளிச்சம். பாடப் புத்தகத்தில் வருகிற வார்த்தைகளை மனப்பாடம் செய்தால் மறுநாள் மறந்துவிடும். இவை மறக்கவில்லை. மறந்தால் குழியில் விழுந்து செத்துப்போக நேரும்.

உள்ளே ஒரு பாம்பு வழியை மறிக்கும். முன்னதாகவே ஓர் அறையில் ஒரு பறவை இருக்கும். பிடிக்கப் போனால் பயந்து ஒதுங்கும். கையில் கூண்டு இருந்தும் பிடிபடாது. மூன்று சனிக்கிழமை போயிற்று. பறவை பயப்படுவது ஆளைப் பார்த்து அல்ல, கையில் இருக்கும் கறுப்புக் கோலைப் பார்த்து என்று நாலாவது வாரம் பையனுக்குத் தோன்றியது. கோலைக் கீழே போட்டான். பறவை கூண்டுக்குள் வந்தது. பாம்பின் முன்னால் திறந்துவிட்டதும் பாம்பு ஓடியது. கோல் வைத்திருப்பவர் முன்னால் வாய் திறக்காத ஒரு பறவையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாட்டுங்காப் பையன்கள் வேகமாகப் படிப்பார்கள், வேகமாக முன்னேறுவார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. குகைக்குள் வெளிச்சம் தருவது பாட்டரி விளக்கு ஒன்றுதான். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே அது மங்கி அணைந்துவிடும். இருட்டில் நாலடி வைத்தால் மரணம். பையனின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அதே ஃப்ளாப்பி. அதே கம்ப்யூட்டர். இடம் மாற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பலன் இல்லை. “உனக்கு என்னடா மந்திரம் தெரியும்?” என்றார்கள். அவனுக்கும் தெரியவில்லை.

பிறகு வந்தது புதிர்ச்சந்து. எல்லா அறைகளுக்கும் ஒரே வர்ணனை. எந்தப் பக்கம் போனாலும் அதே வார்த்தைகள். மாட்டுங்காப் பையன்கள் இங்கேதான் தோற்றார்கள். இங்கே வேகமாகப் படித்துப் பயனில்லை. படிக்க ஒரே ஒரு வாக்கியம்தான். தாராவிப் பையன் சிரித்தான். ஒரே மாதிரி தகரம், ஒரே மாதிரி சாக்கடை, தோள் இடிக்கும் ஒரே மாதிரி சந்துகள் இருக்கும் இடத்தில் ஒருவர் தன் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நீல டிரம் இருக்கும் திருப்பம், தையல் மிஷின் சத்தம் கேட்கும் திருப்பம், அப்பளம் காயும் கூடை. ஆக, அடையாளம் இல்லாத அறைக்கு அடையாளம் வைத்துவிட வேண்டியதுதான். கையிலிருந்த சாமான்களை அறைக்கு ஒன்றாகக் கீழே போட்டான். சாவி கிடக்கும் அறை, பாட்டில் கிடக்கும் அறை, கூண்டு கிடக்கும் அறை. ஒரே சமயத்தில் ஏழு சாமான்தான் சுமக்கலாம். திரும்பப் போய்ப் பொறுக்கிவர வேண்டும். இன்ஸ்டிடியூட்டின் பழைய டைப்பிங் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் கோடு போட்டு வரைபடம் வளர்ந்தது. மாட்டுங்காப் பையன்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். ‘அடுத்து எங்கே போறது?’ என்று அவனிடம் கேட்டார்கள். அவனிடம் யாரும் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

டிசம்பரில் எல்லாம் நின்றது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. தாராவியும் எரிந்தது. ஊரடங்கு. அரிசி மாவு அரைக்க வழியில்லை, சைக்கிள்காரர்கள் வரவில்லை, பட்டறை பூட்டிக் கிடந்தது. எந்தச் சந்து வழியாகப் போகலாம், எந்தச் சந்து வழியாகப் போகக் கூடாது என்பது சில வாரங்களுக்கு உயிர் பிரச்சினை. பிப்ரவரியில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது வீட்டில் இருந்த கொஞ்சப் பணமும் கரைந்திருந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம். அப்பா பழைய பேச்சைத் திரும்ப எடுத்தார். அம்மா மட்டும் கேட்டார்: “எய்யா, படிப்பு உனக்கு வருதா, வரலையா? உள்ளதைச் சொல்லு.”

உள்ளதைச் சொல்வது எப்படி என்று அவன் அதற்குள் ஓர் இடத்தில் பார்த்திருந்தான். தெரியாத வார்த்தையை அடித்தால் கம்ப்யூட்டர் மழுப்பாது. அந்த வார்த்தை தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அதற்கு வெட்கம் கிடையாது. சொல்கிறவனுக்கும் அவமானம் கிடையாது. விளையாட்டு அங்கே முடிந்துவிடுவதும் இல்லை.

அந்த வாரம் இயற்பியல் வகுப்பில் டீச்சர் வழக்கம் போல ‘புரிந்ததா?’ என்றார். வகுப்பு வழக்கம் போல ‘யெஸ்’ என்றது. பையன் எழுந்தான். கரும்பலகையில் இருந்த ஒரு வார்த்தையைக் காட்டி, அந்த வார்த்தை எனக்குத் தெரியாது என்று நாலு இங்கிலீஷ் வார்த்தையில் சொன்னான். சிரிப்பு வந்தது. ஆனால் முன்பு போல வகுப்பு முழுக்க வரவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தார், விளக்கினார். இன்னும் ஏழெட்டுப் பேர் அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டதை அவன் கவனித்தான். அவர்களுக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தேறினான். பிரமாதமான மதிப்பெண் எல்லாம் இல்லை. பட்டறைக்குப் போகாமல் இருக்கப் போதுமான மதிப்பெண். பிறகு டிப்ளமோ, பிறகு வேலை. ‘அட்வெஞ்சர்’ ஆட்டத்தை அவன் அந்த இன்ஸ்டிடியூட்டில் கடைசிவரை ஆடி முடிக்கவே இல்லை. செம்பூர் சாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, ஃப்ளாப்பியும் அவரோடு போய்விட்டது.

விளக்கின் மர்மம் தீர்ந்தது பல வருடங்கள் கழித்து. அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் ஜெர்ஸ், கிரௌதரின் ஆதி புரோகிராம் ஸ்டான்ஃபோர்டின் பழைய சேமிப்பு ஒன்றிலிருந்து கிடைத்ததைப் பற்றி 2007ல் விரிவாக எழுதினார். அதைப் படித்த அவர், உட்ஸின் 1977 புரோகிராமையும் தேடிப் பிடித்து வரி வரியாகப் படித்தார். இப்போது ஃபோர்ட்ரான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆரம்பப் பகுதியிலேயே கிடைத்தது. விளக்கக் குறிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு விளக்கு 330 கட்டளைகளுக்கு எரியும். வேண்டும் என்பவர்களுக்கு 1,000. புதிதாக வருகிறவருக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் உட்ஸ். ஆட்டக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. சும்மாவும் கொடுக்கவில்லை. கடைசியில் 350லிருந்து ஐந்து மதிப்பெண் கழித்துக்கொள்வார்.

வகுப்பில் எத்தனையோ ஆபத்துகளிலிருந்து தப்பிக்கச் சொன்ன அந்த ‘யெஸ்’, ஒரே ஓர் இடத்தில் மட்டும் உண்மையாக இருந்திருக்கிறது. “அந்தக் கேள்வி மட்டும் எனக்கு அன்றைக்குப் புரிந்திருந்தால், மற்ற பையன்கள் முன்னால் நானும் ‘நோ’ என்றுதான் அடித்திருப்பேன்” என்கிறார்.

இப்போது திரையில் டைப் அடித்தால் பதில் சொல்லும் இயந்திரங்கள் 2022க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. தமிழிலும் பதில் சொல்கின்றன. விளக்கை எடு என்று வினையைக் கடைசியில் வைத்து, இரண்டாம் வேற்றுமை உருபோடு சொன்னாலும் புரிந்துகொள்கின்றன. சில நூறு வார்த்தை மட்டும் தெரிந்த அந்தப் பழைய விளையாட்டோடு இவற்றை ஒப்பிடவே முடியாது. அவருக்கு ஒரு குறைதான். தெரியாது என்று இவை லேசில் சொல்வதில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சரளமாகச் சொல்கின்றன. எட்டாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொன்ன ஒருவருக்கு அந்தக் குரல் சட்டென்று அடையாளம் தெரிகிறது.

அவருடைய அலுவலகத்தில் ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு முதல் வாரம் அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். மராத்தி, ஹிந்தி, தமிழ் வழிகளில் படித்து வந்தவர்கள் இப்போதும் வருகிறார்கள். விளக்கிச் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று அவர் கேட்பதில்லை. எந்த வார்த்தை தெரியவில்லை என்று கேட்கிறார். முதல் நாள் யாரும் வாய் திறப்பதில்லை. மூன்றாம் நாள் யாராவது ஒருவர் கையைத் தூக்குகிறார். அன்றைக்குத்தான் அந்த ஃபோர்ட்ரான் வரிகளைத் திரையில் போட்டுக் காட்டுகிறார். 330, 1,000, கழிவு ஐந்து.